சித்தப்பாவின் டின் விளக்குகள்

வாழ்நாளில் பன்னீர் சோடாவைத் தாண்டாத என் சித்தப்பா, கல்யாணமான அன்று சாயங்காலமே குடிகாரர் என்று பெயர் வாங்கினார். அவர் ஆசை ஆசையாகச் செய்து தொங்கவிட்ட விளக்குகள்தான் காரணம். என் வாயும் ஒரு காரணம் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவாள்.

சித்தப்பா வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஏர்வாடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடி வரை போய்த் திரும்புவார். ராமேஸ்வரத்தில் ஏதோ ஒரு லாட்ஜ் வாசலில், குளிர்பான டின்களை வெட்டிச் செய்த விளக்குகள் தொங்குவதைப் பார்த்திருக்கிறார். பெண் நிச்சயமானதிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. சாயல்குடிப் பக்கத்திலிருந்து வரப்போகும் சித்தி முதன்முதலாகக் கால் வைக்கும்போது, எங்கள் வீட்டு வாசல் நிறைய அவை எரிய வேண்டும். பந்தல்காரர் போடும் லைட்டு எல்லாக் கல்யாணத்துக்கும் உண்டு, இது ஊரில் யாருக்கும் இருந்ததில்லை என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு அப்போது எட்டு வயது. சுற்றுலா வந்தவர்கள் குடித்துப் போட்ட டின்கள் தனுஷ்கோடி மணலில் காற்றுக்கு உருண்டுகொண்டிருந்தன. கோலா கொஞ்சம், ஆரஞ்சு கொஞ்சம், மீதியெல்லாம் பீர். பச்சை நிறத்து டின்தான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது பற்றி எனக்கு அக்கறையில்லை. சித்தப்பாவுக்கும் அன்றைக்கு வெளிச்சத்தைத் தவிர வேறு எதிலும் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. சாக்கு நிறைய அள்ளிக்கொண்டு வந்தோம்.

சோப்புத்தூள் போட்டு அலசிக் காயவைத்தோம். சித்தப்பா டின்னின் உடம்பில் மேலிருந்து கீழாகப் பிளேடால் வரிசையாகக் கீறி, தலையையும் அடியையும் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து மெதுவாக அழுத்துவார். கீறிய தகடெல்லாம் வெளியே வளைந்து, டின்னுக்கு வயிறு புடைத்துக்கொள்ளும். உள்ளே ஒரு சின்ன பல்பை இறக்கிக் கம்பியில் தொங்கவிட்டால் சுவரெங்கும் கோடு கோடாக வெளிச்சம் விழும். சித்தப்பாவின் அண்ணனான என் அய்யா அதைப் பார்த்துவிட்டு, "ஏலே, இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்று கேட்டார். டின்னை அவரும் படித்துப் பார்க்கவில்லை.

கல்யாணம் பெண் ஊரில் முடிந்து, பொழுது சாயும் நேரத்துக்குப் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார்கள். சொல்லிவைத்தபடி, வேன் தெருவில் திரும்பியதும் நான் சுவிட்சைப் போட்டேன். அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். சித்தி தலையை நிமிர்த்தி விளக்குகளைப் பார்த்துச் சிரித்தாள். அதை நான் நன்றாகப் பார்த்தேன்.

கூட வந்த சித்தியின் தாய்மாமா ஒரு விளக்கை எட்டிப் பிடித்து, கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"என்ன மாப்ள, அம்புட்டும் பீர் டின்னா இருக்கு? எங்க மருமக வாரான்னு இத்தனையும் குடிச்சுக் காலி பண்ணீகளாக்கும்?"

ஆம்பளைகள் எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா முகம் செத்துப்போயிற்று. "இல்ல மாமா, கடக்கரையில பொறுக்குனது" என்றார். சிரிப்பு இன்னும் பெரிதானது. பாவம், அவருக்கு யாருமே துணைக்கில்லையே என்று நான் உரக்கச் சொன்னேன்:

"நானுந்தான் கூட இருந்தேன்! ஒரு சாக்கு நெறயா!"

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரமானது. சித்தி மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்தபடி வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். அய்யா சுவிட்சை அணைத்தார்.

எல்லாவற்றையும் கழற்றி எறியச் சொல்லிவிட்டு மறுநாள் காலையில் அய்யா வயலுக்குப் போய்விட்டார். சித்தப்பா ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அவர் போனதும் சித்தி வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு விளக்கையும் எடுத்து மோந்து பார்த்தாள். நான் அடுப்படிக்கு ஓடினேன்.

"சித்தி வெளக்க மோந்து மோந்து பாக்குறாகம்மா."

"நீ பேசாமப் போ" என்றாள் அம்மா.

எனக்கோ விஷயம் தெளிவாகப் புரிந்துவிட்டது. சோப்புத்தூள் வாசம் சித்திக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்தில் மிஞ்சிய மல்லிகைச் சரம் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தது. சித்தி எழுந்து போனதும் அதைப் பிய்த்துப் பிய்த்து எல்லா டின்னுக்குள்ளும் திணித்தேன்.

மத்தியானம், ஓரமாக வைப்பதற்காகச் சித்தி ஒரு விளக்கைத் தூக்கியபோது கீறல் வழியாகப் பூ கொட்டியது.

"யாரு வச்சது?"

"நாந்தான். நீங்க வாசம் தேடுனீகள்ல?"

சித்தி என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, "நெசமாவே கடக்கரையிலதான் பொறுக்குனீகளா?" என்று கேட்டாள்.

அதுவரை யாரும் என்னை ஒழுங்காக விசாரிக்கவில்லை. நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒரு டின்னுக்குள் இருந்த நண்டு சித்தப்பாவின் விரலைக் கவ்வியது. அவர் "ஆத்தா" என்று கத்திக்கொண்டு மணலில் குதித்தார். வெளியூர்க் குடும்பம் ஒன்று, அவரைக் குப்பை பொறுக்குகிறவர் என்று நினைத்துத் தங்கள் குப்பைப் பையையும் கையில் கொடுத்தது. அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். இதற்குள் திரும்பி வந்துவிட்ட சித்தப்பா, நிலைப்படியில் நின்று, "போதும் தாயி, போதும்" என்று கெஞ்சினார். சித்தி எழுந்து போய் அவர் கையைப் பிடித்து இழுத்து விரலைத் திருப்பிப் பார்த்தாள். காயம் இருந்தது. சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூ வீணாகிவிட்டதே என்று அழுகிறாள் போலிருக்கிறது என்று, "இன்னும் பூ இருக்கு சித்தி" என்றேன்.

அன்றைக்கே விளக்குகள் கொல்லைப்பக்க வேப்பமரத்துக்குக் குடிபோயின. சித்தி எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, சித்தப்பா கட்டினார்.

அதன்பிறகு அவர்களுக்குள் ஒரு விளையாட்டு ஆரம்பமானது. வேனை நிறுத்திவிட்டுச் சித்தப்பா வரும்போது சித்தி வாசலுக்குப் போய் நிற்பாள். முதல்நாள் அவள் ஒன்றும் கேட்கவில்லை. துண்டை வாங்குகிற சாக்கில் கொஞ்சம் கிட்டப் போனாள். சித்தப்பாவுக்கு என்ன தோன்றியதோ, குனிந்து அவள் முகத்துக்கு நேராக 'ஃபூ' என்று ஊதினார். சித்தி கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். பிறகு தினமும் அப்படித்தான். எவ்வளவு களைத்து வந்தாலும் சித்தப்பா முகம் சுளிக்காமல் குனிந்து ஊதுவார். நானும் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து சித்தி முகத்தில் ஊதுவேன். "புளிப்பு மிட்டாயி" என்பாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

சித்தியின் அய்யா குடித்துக் குடித்தே செத்தவர் என்பதை நான் பெரியவளான பிறகுதான் அம்மா சொன்னாள். பொழுது சாய்ந்தால் வாசலில் போய் நின்று, அவர் எந்த நிலையில் வருகிறார் என்று பார்த்து உள்ளே வந்து சொல்லுகிற வேலை, சின்ன வயதில் சித்தியுடையதாம்.

ஆடிமாதப் புழுதிக்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒருநாள், சித்தப்பா வந்தபோது வாசலில் சித்தியைக் காணவில்லை. அவரே அடுப்படிக்குப் போய்க் குனிந்தார். சித்தி குழம்பைக் கிண்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதெல்லாம் ஒண்ணும் வேணாம். கைகாலைக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது" என்றாள்.

சித்தப்பா கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயமாகிவிட்டது. அம்மாவிடம் ஓடிப்போய், "சித்தியும் சித்தப்பாவும் சண்ட போட்டுட்டாகம்மா" என்றேன். அம்மா அடுப்படியையும் கிணற்றடியையும் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.