அசையாத முள்

என்மேல் எனக்கே இருக்கும் அருவருப்பால், இதை எழுதாமல் பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன்.

எழுபதுகளில் அடையாறு பக்கம் ஒரு கம்பெனியில் நானும் ஏகாம்பரமும் பாய்லரில் வேலை பார்த்தோம். தானாக ஓடும் புது பாய்லர் வந்தது. அதற்கு ஒரே ஆள் போதும்; மற்றவருக்கு வேலை இல்லை. யார் தேர்ந்தவர் என்று அறிய எங்கள் விரலில் ஏதோ பிசுபிசுவென்று தடவிக் கம்பி சுற்றினார்கள். நாடித்துடிப்பும் வேர்வையும் கூடினால், கம்பியின் மறுமுனையில் இருந்த பெட்டியில் ஒரு முள் துள்ளும்.

“இன்னா மாமா, பாய்லர் ஓட்டத் தெரியுமான்னு என் வேர்வையக் கேக்கறாங்க!” என்று சிரித்தான் ஏகாம்பரம்.

எதிரே, புது பாய்லரில் இருப்பதுபோலவே அமைத்த சோதனைப் பலகையில் விளக்குகள் மாறி மாறி எரிந்தன. அவன் ஒவ்வொன்றுக்கும் சரியான பொத்தானை அழுத்தினான். ஆனால் நாலு பிள்ளைக்காரன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் முள் துள்ளியது.

என் முறை வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கைக்கு வந்த பொத்தானை அழுத்திக்கொண்டு, மனசுக்குள் முருகா முருகா என்று ஜபித்தேன். முள் அசையவில்லை.

“பொத்தான்களைப் பழகிக்கொள்ளலாம். பதறாதவர்தான் தேர்ந்தவர்” என்றார் அதிகாரி. முள் அசையாததற்கு என் ஜபம்தான் காரணம் என்ற உண்மையை நான் சொல்லவில்லை. வடபழனிக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன்.

வேலையை விட்டுப் போன அன்று ஏகாம்பரம் வாசல்வரை போய்த் திரும்பி வந்தான்.

“மாமா, தண்ணி வத்திப்போய் செவப்பு வெளக்கு எரிஞ்சா மொதல்ல நெருப்ப நிறுத்து. அன்னிக்கு நீ தண்ணியத் தொறந்தே. நெசமா அப்டி செஞ்சா வெடிச்சிடும். பத்திரம்.”

எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். அதைச் சொல்லி அதிகாரியிடம் வாதாடவில்லை. ஒருவன் சோற்றைப் பிடுங்கவா பெருமான் பெயரைச் சொன்னேன்?

இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். நான் எழுதியபடியே சொல்லுங்கள். முருகன் என்னைக் காப்பாற்றினான் என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.