கழுத்துக் கோடும் நெஞ்சுக் கோடும்

கிள்ளானிலிருந்து சரக்கு வண்டியோடு திரும்பும்போதுதான் முதல் தடவை விழுந்தேன். ரயில் இஞ்சினில் கரி அள்ளிப்போடும் பயர்மேன் வேலை எனக்கு. கண் இருட்டியது. டிரைவர் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் முகம் நெருப்புக்குள் போயிருக்கும். சில நாள் கழித்து, பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால் சாய்ந்தேன். மனைவி அழவில்லை. ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

வெள்ளைக்கார டாக்டர் குழாய் வைத்துக் கேட்டார். துடிப்பு விட்டுவிட்டு நிற்கிறது, ஏன் என்று காதால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது என்றார். அவருக்கு உதவியாக மருந்து கட்டும் டிரெசர் அதைத் தமிழில் சொன்னார். பிறகு ஒரு மெஷின் வந்தது. நெஞ்சில் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கட்டினார்கள், கழுத்து நரம்பின் மேல் இன்னொன்று. அவற்றிலிருந்து போன ரப்பர் குழாய்களின் முனையில் இரண்டு ஊசிகள். புகைக்கரி படிந்த காகிதம் சுற்றிய உருளை சுழல, ஊசிகள் அதில் வெள்ளையாகக் கோடு கிழித்தன.

"ஜாங்கான் கெராக்!" அசையாதே என்று மலாயில் சொன்னார் டாக்டர்.

அசையாமல், மூச்சையும் அடக்கிக் கிடந்தேன். கழுத்து ஊசி துள்ளும், உடனே நெஞ்சு ஊசி துள்ளும். அப்படியே போய்க்கொண்டிருந்தது. திடீரென்று நெஞ்சு ஊசி படுத்துவிட்டது. கழுத்து ஊசி மட்டும் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. நின்றது என் நெஞ்சுதான் என்று புரிவதற்குள் காது அடைத்தது.

விழித்தபோது டிரெசர் என் கால்களைத் தூக்கிப் பிடித்திருந்தார். மனைவி, "என்னங்க, என்னங்க" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் காகிதத்தின் மேல் குனிந்திருந்தார்.

"இருதயத்துல மேல் அறை கூப்பிடுது, அதான் கழுத்துல துடிக்குது. கீழ் அறைக்குச் சேதி போகல," என்றார் டிரெசர். "சமீபத்துல தொண்டை அடைப்பான் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. ஜுரம் விட்டதுமே வேலைக்குப் போயிட்டாரு," என்றாள் மனைவி.

அந்த நோயின் விஷம்தான் இருதயத்தில் இறங்கியிருக்கிறதாம். ஆறலாம், ஆறாமலும் போகலாம். தலையைக்கூடத் தூக்காமல் படுத்திருக்க வேண்டும்.

மனைவி காகிதத்தில் நெஞ்சுக் கோடு துள்ளாமல் நேராக ஓடிய இடத்தைப் பார்த்தாள். "இந்த இடத்துல இவரு எங்கண்ணே இருந்தாரு?" என்று கேட்டாள். டிரெசர் டாக்டரிடம் அதைச் சொல்லவேயில்லை.

வாரக்கணக்கில் படுத்தே கிடந்தேன். அவள் ஊட்டினாள், துடைத்தாள், நான் தூங்கும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். மறுபடி மெஷின் வைத்தபோது இரண்டு ஊசிகளும் விடாமல் சேர்ந்தே ஓடின. டாக்டர் சிரித்தார். அப்போதுதான் அவள் அழுதாள்.