வெயிலில் காய்ந்த பேட்டரி

காலை ஏழு பத்து. சாயல்குடிப் பேருந்தில் ஓட்டுநர் கைபேசியை முன்கண்ணாடியோரம் சாய்த்து வைத்து ஒரு நாதஸ்வர ஆல்பத்தை ஓடவிட்டார். எனக்கு மிகப் பிடித்த ஆல்பம் அதுதான். ஆனால் அது இவ்வளவு வேகமாகப் போகும் என்று என் சிறுவயதில் வெகுநாள் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அய்யா விவசாயி. கோயில் திருவிழா நாடகத்துக்குப் பாட்டும் எழுதுவார். அந்த ஆல்பத்தின் கேசட்டைப் போட்டு, அதன் மெட்டுக்குத்தான் எழுதுவார். டேப்ரெக்கார்டரில் பேட்டரி தீர்ந்தால் புதிது வாங்கமாட்டார். ஓட்டின் மேல் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார். டேப் மெதுவாகச் சுற்ற, நாதஸ்வரம் இழுத்து இழுத்துப் பாடும். "என்னா நிதானம் பாத்தியா" என்பார்.

ஒரு வருடம் நாடக ஒத்திகையில் ஆர்மோனியக்காரர் அதே மெட்டை அசல் வேகத்தில் வாசித்தார். பாடிய நடிகருக்குப் பாதி வரியிலேயே மூச்சு முட்டியது.

"சொல்லு ரொம்பக் கூட இருக்கு. வேற பாட்டு எழுதுங்கண்ணே" என்றார் ஆர்மோனியக்காரர்.

ஒரு மாதமாக எழுதிய காகிதத்தை அய்யா மடிக்கத் தொடங்கினார். ஒத்திகை பார்க்க வந்திருந்த அம்மா சிரித்துவிட்டாள்.

"பாட்டுல கொறையில்ல தம்பி. எங்க வீட்டுப் பேட்டரி அம்புட்டுத்தேன் ஓடும். நீங்க கொஞ்சம் மெதுவா வாசிங்க."

அவர் மெதுவாக வாசித்தார். பாட்டு முழுதும் பொருந்தியது.

இப்போது நானும் கட்டுரைகள் எழுதுகிறேன்; எழுதும்போது இன்றும் அந்த ஆல்பத்தை முக்கால் வேகத்தில் வைத்துக் கேட்கிறேன்.