சீலக்கா கேட்ட மாற்றம்

நூலகத்தில் முப்பது ஆண்டுகளாகப் புத்தகங்களுக்கு முத்திரை குத்துகிற அவரை எல்லோரும் சீலக்கா என்றுதான் கூப்பிடுவோம். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று கேட்டால் தலை நிமிராமலே சொல்வார். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும்.

ஒரு வாரமாக அவருடைய கணினி அவரை உள்ளே விடவில்லை. “இங்கிலீஷ்ல ஏதோ உளறுதுப்பா, நான் என்னத்தக் கண்டேன்? முதல்ல தமிழுக்கு மாத்து” என்று என்னை ஒரு பிடி பிடித்தார். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நுழைவுத் திரையைத் தமிழுக்கு மாற்றி, கணினியை அணைத்து மீண்டும் போட்டேன்.

சீலக்கா விரல்களைச் சொடுக்கிவிட்டுக் கடவுச்சொல்லைத் தட்டினார். ‘கடவுச்சொல் தவறு’ என்று வந்தது. மறுபடி தட்டினார். அதே வரி.

அவருடைய கடவுச்சொல் மகள் பிறந்த தேதி. அது நூலகத்துக்கே தெரியும். ஆண்டுதோறும் அன்றைக்கு எங்களுக்கெல்லாம் சாக்லேட் கொடுப்பார். அவர் விரல்கள் தட்டியதோ வேறு ஏதோ தேதி. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான்காம் முறையும் வந்த அந்த வரியை முணுமுணுத்துப் படித்தார். முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தார். அப்படியே கீழே வைத்தார்.

“பழையபடி இங்கிலீஷுக்கே மாத்திடுப்பா” என்றார். “அதத் திட்டிக்கிட்டாவது இருந்தேன்.”