பல் தெரியாத புகைப்படங்கள்

மகளுக்குப் பதினைந்து வயது. மூக்கு பெரிதாகத் தெரிகிறது, கன்னம் உப்பியிருக்கிறது என்று எடுக்கிற செல்ஃபியை எல்லாம் அழித்துக்கொண்டே இருப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு ஒன்று எடுத்தாள். பார்த்துவிட்டு, "ஏம்மா, எந்தப் போட்டோவுலயும் நீ பல்லு தெரிய சிரிக்கவே மாட்டேங்கற?" என்றாள்.

அவளுக்கென்ன, பால் மாதிரிப் பல். காரிமங்கலம் பக்கத்தில் நான் வளர்ந்த ஊரில் அப்படி ஒரு பல்லைப் பார்த்ததே இல்லை.

எங்களுக்குக் கைபம்புத் தண்ணீர்தான். லேசாகத் துரு வாசனை அடிக்கும், மற்றபடி கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். அதிலிருந்த ஃப்ளோரைடு எங்கள் பற்களில் பழுப்புத் திட்டாக ஏறியிருந்தது. ஊரில் எல்லோருக்கும் அப்படி இருந்ததால், பல்லின் நிறமே அதுதான் என்று நிம்மதியாக இருந்தோம். என் சிநேகிதி ஸ்டெல்லா சிரித்தால் பள்ளிக்கூடத்துச் சுவரைத் தாண்டி பஸ் நிறுத்தம் வரை கேட்கும். கணக்கு டீச்சர் அவளைத் திட்ட ஆரம்பித்து, தானும் சிரித்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒன்பதாம் வகுப்பில் கோ-கோ போட்டிக்குச் சேலம் போனோம். ஜெயித்தும் விட்டோம். ஸ்டெல்லா தலையை அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தோற்ற அணிப் பெண் ஒருத்தி அவளிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி, "உங்க ஊர்ல எல்லாரும் வெத்தல போடுவீங்களாக்கா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். நாங்கள் அன்றைக்குத்தான் ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்துக்கொண்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பி.டி. டீச்சர், "என்ன புள்ளைங்களா, ஜெயிச்சுட்டு வர்றீங்களா, எழவு வூட்டுக்குப் போயிட்டு வர்றீங்களா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஸ்டெல்லா ஜன்னலோரமாக வாயைக் கையால் மூடியபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளிலிருந்து சாம்பல், உப்பு, கரித்தூள். நான் ஒருபடி மேலே போய்ச் செங்கல் தூளில் தேய்த்தேன். ஈறு புண்ணாகி ரசம் சோறுகூட எரிந்தது. வீட்டுச் செங்கல் தேய்ந்ததுதான் மிச்சம். பத்தாம் வகுப்புப் படம் எடுக்க வந்த போட்டோக்காரர், "சிரிங்கம்மா, காசா பணமா?" என்று கெஞ்சினார். அந்தப் படத்தில் அவரோடு சண்டை போட்டவர்கள் மாதிரி வரிசையாக நிற்கிறோம். ஸ்டெல்லாவின் முகத்தில் பாதி கைதான் இருக்கிறது.

அவளைப் பெண் பார்க்க வந்த அன்று அவள் அம்மா சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்று: "சிரிச்சுடாதடி."

இப்போது ஊருக்குக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. கைபம்பைப் பிடுங்கிவிட்டார்கள். பிள்ளைகளின் பற்கள் வெள்ளையாக இருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. கடத்தூரில் வாழ்க்கைப்பட்ட ஸ்டெல்லாவும் பற்களுக்கு உறை போட்டுக்கொண்டாள். சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். பழைய செங்கல் கதையைச் சொன்னேன். தோள் குலுங்கச் சிரித்தாள், கை தானாக வாய்க்குப் போயிற்று.

"இப்பதான் வெள்ளையா இருக்குதில்ல, கைய எடுடி."

"எடுத்தா சிரிப்பு வரமாட்டேங்குதுடி" என்றாள்.

கைபம்பு போயிற்று, கறை போயிற்று. பஸ் நிறுத்தம் வரை கேட்ட அந்தச் சிரிப்பையும் சேலத்துக்குப் பிறகு நான் கேட்கவில்லை.