818-இன் இடப்பக்கம்

1. கை

கண் தெரியாதவர் மாடலைப் பார்க்கிற விதம் வேறு. நாம் ஒரே வீச்சில் பார்த்துவிடுகிறோம். தனபால் ஐயாவின் விரல்கள் புகைபோக்கியில் தொடங்கி, பாய்லரின் முதுகு வழியாக, ரிவெட் ரிவெட்டாக நின்று நின்று வந்தன. ஒரு காலத்தில் அவர் ஓட்டிய நீராவி எஞ்சினை, பதினான்கு மாதம் உழைத்து நான் பித்தளையில் செய்த மாடல் அது. ஒன்றுக்கு இருபது அளவு. ஒக்கலிபுரத்தில் அவர் தனியாக இருந்த வீட்டின் கூடத்தில், சாப்பாட்டு மேசைமேல் இருந்தது.

"டோம் சரி. சேஃப்டி வால்வு சரி. அடேங்கப்பா! பேய் மாதிரி வேலை பண்ணியிருக்கீங்க தம்பி."

விரல் கேபுக்குள், டிரைவர் நிற்கிற இடத்துக்குள், நுழைந்தது. நேராக இடப்பக்கம் போனது. அங்கே வெறும் தகடு. மறுபடி தடவினார்.

"ரிவர்ஸர் எங்க?"

வண்டியை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றுகிற லீவர் அது. "வலப்பக்கம் இருக்குங்க ஐயா," என்றேன்.

"ரைட்லயா? பதினோரு வருஷம் லெஃப்ட்ல நின்னுதான் ஓட்டினேன்."

பின்னால் நின்றிருந்த மகள் சுமதி பெருமூச்சு விட்டார். "அப்பா, அவரு உங்க போட்டோவப் பாத்துப் பண்ணியிருக்காரு. போட்டோவா பொய் சொல்லும்? இதத்தான் சார் நானும் சொல்றேன். போட்ட மாத்திரையவே மறந்துட்டு இன்னொண்ணு போட்டுக்கறாரு. தனியாத்தான் இருப்பேன்னு சும்மா அடம்."

"மாத்திரை வேறம்மா. இது வேற."

அது அப்பாவுக்கு மகள் தரும் வெறும் பிறந்தநாள் பரிசு என்று நினைத்துத்தான் போயிருந்தேன். வைட்ஃபீல்டில் ஒன்பதாவது மாடியிலிருக்கிற தன் வீட்டுக்கு வந்துவிடும்படி சுமதி ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐயா மறுத்துக்கொண்டிருந்தார். ஒக்கலிபுரம் வீட்டின் ஒவ்வொரு படியும் குழாயும் ஸ்விட்சும் அவர் கைக்குத் தெரியும். ஞாபகம் சரியாக இருக்கிறவரை இங்கே, தவறினால் அங்கே என்பது அப்பாவுக்கும் மகளுக்கும் இருந்த ஒப்பந்தம். அதை அன்றுதான் அறிந்தேன்.

அவர் முகம் என் குரல் வந்த திசைக்குத் திரும்பியது. "நீங்க சொல்லுங்க தம்பி. கண்டிப்பா ரைட்டா?"

"போட்டோல அப்படித்தாங்க இருக்கு."

கையை வெளியே எடுத்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

2. போட்டோ

அந்த எஞ்சினை எப்போதோ, இனி ஓடத் தகுதியில்லை என்று கண்டம் செய்து வெட்டிவிட்டார்கள். டிராயிங் கிடைக்கவில்லை. பழைய நெகட்டிவ் ஒன்றிலிருந்து ஸ்டூடியோவில் ஸ்கேன் செய்த ஒரே படத்தை சுமதி தந்திருந்தார். "அப்பாகிட்ட எதுவும் கேக்காதீங்க சார், சர்ப்ரைஸ்," என்றும் சொல்லியிருந்தார்.

படத்தில் எஞ்சின் வலப்புறம் பார்த்து நிற்கிறது; நமக்குத் தெரிவது அதன் வலப்பக்கம். கேப் படியில் இளம் தனபால். அவர் பக்கத்திலிருந்து ரிவர்ஸர் ராடு முன்னோக்கி ஓடுகிறது. அப்படியானால் டிரைவர் வலப்பக்கம். இங்கே பெரும்பாலும் இடப்பக்கம்தான். ஆனால் மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் வலப்பக்கமும் உண்டு. அது எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை. தெரியாதவனாக இருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பேன்.

ஐயா வீட்டிலிருந்து திரும்பிய நான்காம் நாள். நீலசந்திராவில் நான் வேலை செய்யும் அறை. சுவரில் பெரிதாக்கி ஒட்டிய அதே படம். கேபின் ரிவெட்டுகளை லென்ஸ் வைத்து எண்ணி எண்ணிச் செய்தவன், முதல் முறையாக அந்த மனிதரைப் பார்த்தேன். அன்று அவர் சீருடையில் இல்லை. ஒற்றைப் பாக்கெட் வைத்த வெள்ளைச் சட்டை. பாக்கெட் வலது மார்பில் இருந்தது.

எந்தத் தையல்காரர் அங்கே வைப்பார்? நெகட்டிவைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் செய்திருக்கிறார்கள். எஞ்சின் நம்பர் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். ஆனால் நம்பர் 818. ஒன்று வெறும் கோடு. கண்ணாடியில் பார்த்தாலும் 818. நடுவில் ஒரு 2, ஒரு 5 இருந்திருந்தாலும் முதல் நாளே கத்தியிருக்கும்.

ஐயாவின் கைதான் சரி.

3. ஏழு வாரம்

அந்த நிமிடமே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. வெறும் வாயோடு போய் எப்படி நிற்பது? திருத்திய மாடலோடு போவோம், அவர் கை இடப்பக்கம் போகட்டும், லீவர் அங்கே இருக்கட்டும், நான் பேசவே வேண்டியிருக்காது. இந்தத் தொழிலின் திமிர் இது. மன்னிப்பைக்கூட நாங்கள் பித்தளையில்தான் கேட்போம்.

ஆள் அனுப்பி மாடலை வாங்கிக்கொண்டேன். "கொஞ்சம் பெயின்ட் வேலை பாக்கி," என்று ஒரு பொய். கேபை கேஸ் டார்ச் நெருப்பில் சூடாக்கிக் கழற்றினேன். ராடு, பைப், லீவர் எல்லாவற்றையும் பக்கம் மாற்றினேன். பழைய துளைகளை அடைத்து, விரலுக்கும் தெரியாதபடி உரசினேன். ஏழு வாரம் ஆனது.

பிறகு போன் செய்தேன். சுமதி உற்சாகமாக இருந்தார்.

"வைட்ஃபீல்டுக்கே வந்துடுங்க சார். ஒக்கலிபுரம் வீட்ட வாடகைக்கு விட்டாச்சு. அன்னிக்கு நீங்க போனதும் அவரே சொல்லிட்டாரு, 'சரிம்மா, வரேன்'னு. ஒரு வருஷமா என்னால முடியல. உங்களுக்குத்தான் சார் தேங்க்ஸ் சொல்லணும்."

ஒன்பதாவது மாடியில் ஐயா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பாத்ரூம் போக வேண்டுமென்றால் மகளைக் கூப்பிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: நெகட்டிவ், பாக்கெட், 818. சுமதி எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

ஐயா கையை நீட்டினார். விரல் கேபுக்குள் இடப்பக்கம் போனது. லீவரைத் தொட்டது. ஒரு கணம் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தது. பிறகு விட்டுவிட்டு வலப்பக்கம் போய்த் தேடியது.

"பழக்கதோஷம் தம்பி. கை தப்பாவே போகுது. ரைட்லதானே?"

"இல்லைங்க ஐயா. லெஃப்ட்தான். நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் தப்பாப் பண்ணினேன்."

அவர் சிரித்தார். "நல்ல மனசு உங்களுக்கு. சுமதி மாத்தச் சொன்னாளா?"

"அப்பா, நான் எதுவும் சொல்லலப்பா."

"பரவால்லம்மா. நானும் சந்தோஷமாத்தான் இருக்கேன்."

நான் செய்தவற்றில் பிழையே இல்லாத மாடல் அது ஒன்றுதான். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு நுட்பம் எதுவும் இல்லை. தப்பு தெரிந்த அன்றே, டார்ச்சைப் பற்றவைக்கும் முன், வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.