அக்கா கொடுக்காத தீர்த்தம்

அக்காவின் நினைவாக வரும் இந்த மலர் திருச்சிச் சபையாருக்கும் போகிறது, ஸ்ரீரங்கத்து உறவினருக்கும் போகிறது. ஒரு தரப்புக்கு இதமாக எழுதினால் மறு தரப்பு முகம் சுளிக்கும். அக்கா கடைசிவரை பட்ட பாடும் இதுதான். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவில் அதற்குத் தெம்பு இருக்குமா என்று தெரியவில்லை. அக்கா படுக்கையில் விழுந்த மாதங்களில் முறை வைத்துக்கொண்டு வந்து கவனித்த சபைப் பெண்களுக்கும், விடுதி அறையைக் காலி செய்யச் சொல்லாத மேட்ரன் அம்மாவுக்கும், ஊர்ப் பேச்சைப் பொருட்படுத்தாமல் வந்து பார்த்த எங்கள் சித்திக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அக்கா ஸ்ரீரங்கத்தில் பிறந்தார். பள்ளி ஆசிரியரான அப்பாவுக்கு மூத்த பெண். கல்யாணமான மறு வருஷமே அத்திம்பேர் தவறிவிட்டார். "இவளை மூலையில உட்கார வைக்க மாட்டேன்" என்று அப்பாவே காவிரி தாண்டித் திருச்சி மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் நர்ஸ் படிப்பில் சேர்த்தார். ஐம்பதுகளின் நடுவில், அங்கேயே வேலைக்கு அமர்ந்த பிறகு, அக்கா ஞானஸ்நானம் பெற்றார். சேர்த்துவிட்டவன் தானே என்ற குமைச்சலில் அப்பா அதன்பின் அவர் பெயரையே வாயால் சொல்லவில்லை.

மதம் மாறிய பின் அக்காவிடம் நான் கண்ட பெரிய மாற்றம், பொய் அறவே நின்றுபோனது. ஊசி போடும்போதுகூட "வலிக்காது" என்று சொல்ல மாட்டார். "வலிக்கும், கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்பார். வார்டில் குழந்தைகள் அவரைக் கண்டாலே அலறும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. அக்கா வேலை பார்த்த மருத்துவமனையில்தான் இடம் கிடைத்தது. அக்கா உடம்பு துடைக்கலாம், பெட்பேன் எடுக்கலாம். ஆனால் "உன் கையால வாய்க்கு ஒரு சொட்டு வேண்டாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். வார்டில் வேறு யார் கையாலும் வாங்க மாட்டார். அம்மா தினமும் தளிகை செய்து ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவருவார். பஸ் தாமதமானால் அப்பா நாக்கு வறண்டு கிடப்பார். மகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "திரும்பி வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லேண்டி. பொய்யாவாவது சொல்லு. குடிச்சுடுவார்" என்று கெஞ்சினார்.

"பொய் சொல்லி அப்பாவைக் குடிக்க வைக்க என்னால முடியாதும்மா" என்று அக்கா அழுதார்.

ஒரு மதியம் அம்மா ஸ்ரீரங்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் அப்பாவுக்கு நினைவு தப்பியது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. போகிற உயிருக்கு விடுவதற்காக அம்மா வைத்திருந்த பெருமாள் தீர்த்தம், தலைமாட்டில் சின்ன வெள்ளிச் சொம்பில் இருந்தது. அக்கா விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. நினைவோடு இருந்தபோது வேண்டாம் என்றவருக்கு நினைவு போனபின் கொடுப்பது திருட்டு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வெயிலில் பஸ் ஸ்டாப்புக்கு ஓடி, நெற்றியில் திருமண்ணோடு நின்ற முன்பின் தெரியாத ஒருவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அழைத்து வந்தார். அந்த மனிதரும் மறுபேச்சில்லாமல் வந்தார். ஆனால் அதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அவர் விட்ட தீர்த்தம் கடைவாய் வழியாகத் தலையணையில் வழிந்தது.

சற்றைக்கெல்லாம் அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். அம்மா முதலில் கேட்டது, "தீர்த்தம் உள்ளே போச்சாடி?"

போயிற்று என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அக்கா, "இல்லம்மா" என்றார். ஓடியதையும் சொன்னார்.

அம்மா அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நீயே விட்டிருக்கப்படாதாடி? நீ பக்கத்துல இருக்கேன்னுதானே நான் தைரியமா ஆத்துக்குப் போனேன்" என்றார். அடுத்த வருஷமே அம்மாவும் போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகும் அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனார். மற்றவர் பண்டிகைக்கு லீவு எடுக்க, அவர்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். சிரித்து மட்டும் நான் பார்க்கவில்லை. சென்ற ஆண்டு, உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த நாளில், என் கையைப் பிடித்துக் கேட்டார்.

"நான் விட்டிருக்கணுமோடா?"

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று தேற்றியிருப்பேன். அக்காவிடம் எப்படிப் பொய் சொல்வது?

"ஆமாக்கா" என்றேன்.